செல்ஃப் மோட்டாரும் மெக்கானிக்கின் கையும்

பதிவு சற்று நீளம். விடுமுறை நாளில் காபியோடு உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள்.

"வண்டி செல்ஃப் எடுக்கலை" என்று ஒரு நாளாவது சொல்லாத கார்க்காரர் நம் ஊரில் இருக்க முடியாது. ஆங்கிலத்தில் அதன் பெயர் செல்ஃப் ஸ்டார்ட்டர். நாம் பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டோம். செல்ஃப் என்றால் 'தானாக' என்று பொருள். ஒரு வேலைக்குத் 'தானாக' என்று பெயர் வந்தால், அதற்கு முன்னால் அந்த வேலையை யாரோ கையால் செய்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அந்தக் கையின் வரலாறுதான் இன்றைய பாடம்.

இதை எழுத ஒரு காரணமும் உண்டு. நமது பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் நடந்த வாக்குவாதத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வேலை பார்க்கும் ஒரு மாணவர் அங்கே பழைய கேடிலாக் கார் ஒன்றை மலிவாக வாங்கியிருக்கிறார். செல்ஃப் மோட்டார் போய்விட்டது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், மோட்டாரின் விலையை விடக் கூலி அதிகம். "ரெண்டு போல்ட் கழற்ற இவ்வளவு கூலியா? பகல் கொள்ளை" என்று இங்கிருந்து ஒருவர் எழுதினார். "நம்ம ஊர்லயும் அப்படித்தான்" என்று நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒர்க்‌ஷாப் வைத்துப் பிழைக்கும் இன்னொரு மாணவர், "போல்ட் ரெண்டுதான், ஆனா அது எங்க இருக்குன்னு யாராவது கேட்டீங்களா?" என்று மட்டும் எழுதிவிட்டுக் குழுவை விட்டே வெளியேறிவிட்டார்.

எல்லோருமே என் பிள்ளைகள். அவர் கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனால் நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு தானியக் களஞ்சியத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

கார் வந்த புதிதில் எஞ்சினை ஓட வைக்க முன்பக்கம் போய் நிற்க வேண்டும். இசட் எழுத்துபோல் வளைந்த ஓர் இரும்புக் கைப்பிடியை எஞ்சின் தண்டில் மாட்டிச் சுற்ற வேண்டும். நம்மில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் அம்பாசடரிலும் பழைய பியட்டிலும் பார்த்த அதே 'ஹேண்டில்'தான். நம் ஊரில் பேட்டரி இறங்கினால் மட்டும் எடுப்பார்கள். அந்தக் காலத்திலோ, ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும் அதுதான் வழி.

இதில் உடல் வருத்தத்தை விட ஆபத்துதான் பெரிது. பிஸ்டன் மேலே போய்ச் சேர்ந்த பிறகு தீப்பொறி வந்தால் எஞ்சின் நாம் சுற்றும் திசையிலேயே ஓடும். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே தீப்பொறி வந்துவிட்டால், வெடிப்பு அதைத் திருப்பிக் கீழே தள்ளும். எஞ்சின் தலைகீழாக ஒரு உதை உதைக்கும். கையில் பிடித்திருக்கும் இரும்பும் அதே வேகத்தில் திரும்பி வரும். ஆகவே அந்தக் காலத்து டிரைவர்கள் சில விதிகளை வைத்திருந்தார்கள். முதலில் தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும் நெம்பை இழுத்துவை. கைப்பிடியைக் கீழே அழுத்தாதே, கீழிருந்து மேலே இழு. கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காதே, மற்ற நான்கு விரல்களின் பக்கமே வை. அப்படி வைத்தால், உதைத்தாலும் இரும்பு விரல்களை விட்டு நழுவிப் போய்விடும். கட்டைவிரலை மாற்றி வைத்தவர்களின் மணிக்கட்டு முறிந்தது.

இப்படி மணிக்கட்டருகே ஆர எலும்பின் முனையில் வரும் ஒருவகை முறிவுக்கு மருத்துவப் புத்தகங்களில் 'ஷோஃபர் முறிவு' என்று இன்றும் பெயர் இருக்கிறது. ஷோஃபர் என்றால் கார் ஓட்டுநர். ஒரு தொழிலாளியின் வலி ஒரு நோயின் பெயராகவே தங்கிவிட்டது. நம் குடும்பத்தில் எலும்பு மருத்துவம் படித்தவர்கள் இதை உறுதி செய்வார்கள்.

அந்த நாளில் பேட்டரியில் ஓடும் மின்சாரக் கார்களும் நிறைய இருந்தன. அவற்றில் கைப்பிடி கிடையாது, சுவிட்சைப் போட்டால் போதும். அதனாலேயே பெண்களுக்கு ஏற்ற கார் என்று சொல்லி விற்றார்கள். பெட்ரோல் காரை லட்சக்கணக்கில் செய்து விற்ற ஹென்றி போர்டின் மனைவி கிளாரா போர்டு ஓட்டியது 'டெட்ராய்ட் எலக்ட்ரிக்' என்ற மின்சாரக் கார் என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். அவர் ஓட்டிய 1914-ஆம் வருடத்துக் கார் இன்னும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

பெட்ரோல் எஞ்சினையும் மோட்டார் வைத்தே சுற்றலாமே என்ற யோசனை சும்மா இருக்குமா? இங்கிலாந்தில் 1896-லேயே ஆர்னால்டு என்ற காரில் டௌசிங் என்பவர் அதைச் செய்து பார்த்தார். அமெரிக்காவில் கிளைடு கோல்மன் என்பவர் 1903-இல் காப்புரிமையே வாங்கினார். அழுத்திய காற்று, சுருள்வில் என்றும் பலர் முயன்றார்கள். எதுவும் நிலைக்கவில்லை. எஞ்சினைச் சுற்றும் அளவுக்குப் பலமான மோட்டார் வேண்டுமென்றால் அது எஞ்சின் அளவுக்கே பெரிதாக இருக்க வேண்டும், அதற்கு வேண்டிய பேட்டரி அதை விடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதே படித்தவர்கள் சொன்ன கணக்கு.

அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருப்பதைக் கண்டவர் சார்லஸ் கெட்டரிங். 1876-இல் ஓஹியோ மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரிக்குப் போகுமுன் கிராமப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. கண்பார்வைக் கோளாறால் படிப்பு இடையில் தடைப்பட்டும் விடாமல் தொடர்ந்து, 1904-இல் மின் பொறியாளர் பட்டம் பெற்றார். பிறகு டேட்டன் நகரில் கடைகளுக்கான கல்லாப்பெட்டி இயந்திரம் செய்யும் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்தார்.

அந்தக் கல்லாப்பெட்டியையும் அப்போது கைப்பிடி சுற்றித்தான் இயக்கினார்கள். கெட்டரிங் அதற்கு ஒரு சிறிய மின் மோட்டார் வைத்தார். கல்லா திறப்பது ஒரு நொடி வேலை. அந்த ஒரு நொடிக்கு மோட்டாரின் சக்திக்கு மீறிய மின்சாரத்தைக் கொடுத்தாலும் அது சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும், பிறகு ஓய்வுதான். கார் எஞ்சினை எழுப்புவதும் அப்படிப்பட்ட வேலைதானே? நாள் முழுக்கச் சுற்ற வேண்டியதில்லை. சில நொடிகள் போதும். நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவருக்கும், ஒரே ஒரு முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மூட்டையைத் தூக்கி வைக்கிறவருக்கும் உள்ள வித்தியாசம்தான். படித்தவர்கள் போட்ட கணக்கு நாள் முழுக்க வேலை செய்யும் மோட்டாருக்கானது.

1909-இல் கெட்டரிங்கும் அவருடைய நண்பர் எட்வர்டு டீட்ஸும் சேர்ந்து டெல்கோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வேலை நடந்த இடம் டீட்ஸ் வீட்டுக்குப் பின்னால் இருந்த தானியக் களஞ்சியம். கேடிலாக் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி லேலண்டு அவர்களிடம் கைப்பிடியை ஒழிக்கச் சொன்னார். இதற்கு ஒரு கதை உண்டு. டெட்ராய்ட்டில் ஒரு பாலத்தின் மேல் ஒரு பெண்மணியின் கார் நின்றுவிட்டதாம். உதவிக்கு இறங்கிக் கைப்பிடியைச் சுற்றிய பைரன் கார்ட்டர் என்ற கார் தயாரிப்பாளரைக் கைப்பிடி உதைத்து, அந்தக் காயத்தின் தொடர்ச்சியாக அவர் இறந்தாராம். நண்பரை இழந்த துக்கத்தில் லேலண்டு சபதம் செய்தாராம். பல புத்தகங்கள் இதை 1910-இல் நடந்ததாக எழுதுகின்றன. ஆனால் கார்ட்டர் இறந்தது 1908-இல். கதையைக் கேளுங்கள், கூடவே வருடத்தையும் சரிபாருங்கள் என்று வகுப்பில் சொல்வேன் அல்லவா, அதற்கு இது நல்ல உதாரணம். ஒன்று மட்டும் நிச்சயம். கைப்பிடி ஆளை முடமாக்கும் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

1911-இல் கெட்டரிங் குழு செய்து காட்டியது. 1912-ஆம் ஆண்டு கேடிலாக் கார்கள் மின்சார ஸ்டார்ட்டரோடும் மின் விளக்கோடும் சந்தைக்கு வந்தன. அதற்காகவே கேடிலாக்குக்கு இங்கிலாந்தின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் டூவர் கோப்பையை இரண்டாம் முறையாக வழங்கியது. எளியவர்களின் காரான போர்டு மாடல் டி-க்கு இந்த வசதி வந்தது 1919-இல்தான். அதுவரை எளியவர் கை சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எந்தக் கண்டுபிடிப்பும் முதலில் பணக்காரர் வீட்டில் இறங்கி, பிறகுதான் நம் தெருவுக்கு வருகிறது. மின்சாரக் கார்களுக்கும் இதன் பிறகு இறங்குமுகம்தான். மாடல் டி-யின் மலிவு விலை ஒரு காரணம் என்றால், கைப்பிடி ஒழிந்தது இன்னொரு காரணம்.

இனி அந்த மோட்டார் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஒரு பெரிய பல்சக்கரம் இருக்கிறது. செல்ஃப் மோட்டாரின் முனையில் இருப்பது மிகச் சிறிய பல்சக்கரம். சிறியது சுமார் 10 முதல் 15 சுற்று சுற்றினால் பெரியது ஒரு சுற்று சுற்றும். வேகத்தைக் கொடுத்து பலத்தை வாங்கும் பேரம் அது. எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் சிறிய சக்கரம் உடனே விலகிவிட வேண்டும். இல்லையென்றால் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும்போது, மோட்டார் அதைப்போல் 15 மடங்கு, அதாவது 12,000 சுற்று ஓடி உடைந்து சிதறும். தானாகச் சேர்ந்து தானாக விலகும் ஒரு பல்சக்கர அமைப்பைப் பரப்பியவர் வின்சென்ட் பெண்டிக்ஸ் என்ற அமெரிக்கர். நம் ஊர்ப் பட்டறைகளில் "பெண்டிக்ஸ் போயிடுச்சு" என்று சொல்கிறார்களே, அது ஒரு மனிதரின் பெயர்! அமைப்பு பலமுறை மாறிவிட்டது. பெயர் மட்டும் கிரீஸ் கறையோடு அப்படியே இருக்கிறது.

மின்சாரத்தின் அளவையும் கவனியுங்கள். நம் வீட்டில் ஏ.சி., கீசர் மாட்டும் பெரிய பிளக் 15 அல்லது 16 ஆம்பியருக்கானது. ஒரு சாதாரண பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுற்றும் நேரத்தில் 150, 200 ஆம்பியர் இழுக்கும். வோல்ட் குறைவு, ஆம்பியர் அதிகம். அந்தத் தடித்த கேபிளுக்குக் காரணம் அதுதான். பெரும்பாலான கார்களில் அந்த கேபிளுக்கு ஃப்யூஸும் கிடையாது. சாவியை எடுத்துவிட்டாலும் அதில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

நம் நாட்டிலும் இந்தத் தொழிலுக்கு ஒரு முகவரி உண்டு. 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் சென்னை பாடியில் செல்ஃப் மோட்டார்களைச் செய்து நாடு முழுவதும் அனுப்பியது. பாடி பக்கம் பேருந்தில் போனவர்கள் 'லூகாஸ்' என்ற நிறுத்தத்தை மறந்திருக்க மாட்டார்கள்.

இப்போது மிச்சிகன் காருக்கு வருவோம். 1912-இல் உலகத்துக்குச் செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கொடுத்த அதே கேடிலாக், சரியாக எண்பது வருடம் கழித்து, 1992-இல் நார்த்ஸ்டார் என்ற புதிய எஞ்சினைக் கொண்டுவந்தது. எட்டு சிலிண்டர். நாலு நாலாக இரண்டு வரிசை, ஆங்கில வி எழுத்துபோல் விரிந்து நிற்கும். அதை முன்சக்கரத்தை இழுக்கும் கார்களில் குறுக்காக வைத்தார்கள். பானெட்டுக்குள் கை நுழைய இடமில்லை. செல்ஃப் மோட்டாரை எங்கே வைப்பது? இரண்டு வரிசைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் வைத்தார்கள். அதன் மேல் எஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாய்த் தொகுதியை மூடிபோல் வைத்துவிட்டார்கள். அதற்கு மேனிஃபோல்டு என்று பெயர். டொயோட்டாவும் 1989-இல் வந்த லெக்சஸ் எல்.எஸ். 400 காரில் இதே போன்ற பள்ளத்தில்தான் வைத்தது.

வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அங்கே சாலைச் சேறும் மழைத் தண்ணீரும் தெறிக்காது, மோட்டார் பத்திரமாக இருக்கும். ஓட்டுகிறவருக்கு எந்தச் சிரமமும் இல்லை. சிரமம் எல்லாம், மோட்டார் போன அன்றைக்கு அதை எடுக்க வேண்டியவருக்குத்தான். பார்ப்பதற்கே அரை எஞ்சினைப் பிரிக்க வேண்டும்.

மிச்சிகன் மாணவர் கடைசியில் வீட்டிலேயே அதைச் செய்து முடித்து, படங்களும் அனுப்பியிருந்தார். அவர் செய்த வரிசையை இங்கே எழுதுகிறேன்.

முதலில், போனது மோட்டார்தானா என்று பார்த்தார். நன்றாக சார்ஜ் ஆன பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுரண்டி, எர்த் கேபிளை இறுக்கிப் பார்த்தார். பாதிப் பேருக்கு வைத்தியம் இங்கேயே முடிந்துவிடும். பேட்டரி சரி, வயர் சரி, மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது, ஆனாலும் 'டக்' என்ற ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது என்று உறுதியான பிறகே ஸ்பானரைத் தொட்டார்.

இரண்டாவது, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றினார். சற்று முன் சொன்ன ஃப்யூஸ் இல்லாத கேபிளை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்பானர் அதிலும் எஞ்சின் உடம்பிலும் ஒரே நேரத்தில் பட்டால், வெல்டிங் வைத்ததுபோல் தீப்பொறி பறக்கும். பக்கத்திலேயே பெட்ரோல் குழாய்.

மூன்றாவது, எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருந்து, பெட்ரோல் குழாயில் நிற்கும் அழுத்தத்தை முறைப்படி இறக்கினார். பிறகு கழற்றும் ஒவ்வொரு குழாயையும் பிளக்கையும் படம் எடுத்து, காகிதத்தில் எண் எழுதி ஒட்டினார். காற்றுக் குழாய், இன்ஜெக்டர் வயர்கள், பெட்ரோல் இணைப்பு, கடைசியில் மேனிஃபோல்டு. அதைத் தூக்கியதும் முதல் வேலையாக, திறந்திருக்கும் துவாரங்களைச் சுத்தமான துணியால் மூடினார். ஒரு நட்டு உள்ளே விழுந்தால் செலவு மோட்டாரோடு நிற்காது.

அதற்குப் பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற இரண்டு போல்ட்! அதைக் கழற்ற ஐந்து நிமிடம் ஆனதாம். புதிய மோட்டாரைப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பல்லை எண்ணிப் பார்த்து மாட்டினார். பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடாமல் புதிது போட்டு, போல்ட்களை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, டார்க் ரெஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். காலையில் தொடங்கிய வேலை, இருட்டிய பிறகு முடிந்தது. "ரெண்டு போல்ட்டுக்குக் கூலி அதிகம்னு நினைச்சேன் சார். மறுநாள் விரல் மடங்கலை" என்று எழுதியிருந்தார்.

வாக்குவாதத்துக்குப் பதில் இந்த ஒரு வரியில் இருக்கிறது. கூலி இரண்டு போல்ட்டுக்கு இல்லை, அந்தப் போல்ட்டுக்குப் போய்ச் சேரும் வழிக்கும், வழியில் எதையும் கெடுக்காமல் திரும்பி வரும் அறிவுக்கும்தான். கைப்பிடி வெளியே இருந்த காலத்தில் வலி ஓட்டுகிறவருக்கு இருந்தது. கெட்டரிங் அதை நீக்கினார். அது மாபெரும் நன்மை. ஆனால் சிரமம் முழுதும் மறைந்துவிடவில்லை. ஒரு பகுதி இடம் மாறி, நாம் எட்டிப் பார்க்காத பள்ளத்துக்குள் போய், மெக்கானிக்கின் கையில் சேர்ந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாததால் அது இல்லை என்று நினைக்கிறோம். ஏமாற்றுகிறவர்கள் எல்லாத் தொழிலிலும் உண்டு. மோட்டார் எங்கே இருக்கிறது, அதை எடுக்க எதையெல்லாம் கழற்ற வேண்டும் என்று கேளுங்கள். நேர்மையானவர் பானெட்டைத் திறந்து காட்டியே பதில் சொல்வார். கேட்காமலே கொள்ளை என்று சொல்வது நியாயமில்லை. குழுவில் அந்த வார்த்தையை எழுதியவர் ஒர்க்‌ஷாப் மாணவருக்குப் போன் செய்து பேசிவிட்டார் என்று நேற்று கேள்விப்பட்டேன். நல்ல பிள்ளை. குழுவில் சேர்க்கும் பொத்தானையும் யாராவது அழுத்திவிடுங்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றில் மோட்டாரை இவ்வளவு பிரிக்காமல் எடுத்துவிடலாம். ஆனால் சிலவற்றில் வண்டிக்கு அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். இரண்டாவது, ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்து செல்ஃப் அடிக்கும் வித்தை வேண்டாம். கியரில் இருந்தால் வண்டி உங்கள் மேலேயே ஏறும். மூன்றாவது, செல்ஃப் எடுக்கவில்லை என்று சாவியை விடாமல் திருகாதீர்கள். அது ஒரு மூச்சில் மூட்டை தூக்குகிற மோட்டார். ஐந்து, பத்து நொடி போதும். பிறகு ஒரு நிமிடமாவது ஓய்வு கொடுங்கள்.

உங்கள் வீட்டில், தெருவில், ஹேண்டில் போட்டு வண்டி எடுத்த காலத்து டிரைவர் யாராவது இருந்தால், கட்டைவிரலை எந்தப் பக்கம் வைப்பார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொல்லும் வார்த்தையிலேயே எழுதுங்கள். புத்தகத்தில் இல்லாத வரலாறு அவர்கள் கையில் இருக்கிறது.

அன்புடனும் ஆசியுடனும்,
உங்கள் ஆசிரியர்